ரெண்டு மணி நேரத்துக் கரண்ட்

ஆந்திரத்தில் புத்தூரிலிருந்து நாராயணவனம் போகிற சாலையில் இடது கைப் பக்கம் வேப்பங்கண்டிகை. அந்த ஊரில் கரண்ட் ரெண்டு வகையறா. ஒன்று வீட்டுக் கரண்ட். அது மீட்டரைக் கட்டிக்கொண்டு வரும், ஒரு பல்பு எரிந்தாலும் மாசக் கடைசியில் மறக்காமல் ரசீது நீட்டும். இன்னொன்று கழனிக் கரண்ட். பகலில் ஒன்பது மணி நேரம் வரும், மோட்டாரைச் சுற்றும், யாரிடமும் ஒரு பைசா கேட்காது. காலையில் கழனிக் கரண்ட் வந்த நிமிஷத்தில் ஊரின் நாற்பது மோட்டாரும் ஒரே நேரத்தில் தும்மும். அந்தத் தும்மலுக்குப் பயந்து கிளம்புகிற கொக்குகள் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டிப் போய்த்தான் மூச்சு விடும்.

ரெண்டு கரண்டும் பல வருஷமாக ஒற்றுமையாகத்தான் இருந்தன. கன்னிகா கரண்ட் கார் வாங்கிய பிறகுதான் அவற்றுக்குள் பங்காளிச் சண்டை மூண்டது.

அவள் புருஷன் தீனா ஒரு பழைய டீசல் காரில் நாலு பெண்களை ஸ்ரீசிட்டி கம்பெனிக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்துகொண்டிருந்தான். ஆனியில் மாங்காய் பறிக்க ஏறி, கிளையோடு இறங்கிவிட்டான். கால் ரெண்டு இடத்தில் போயிற்று. புத்தூர்க் கட்டுப் போட்டு, மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளையும் துணியுமாக, காலைக் கோயில் தேர்வடம் கனத்துக்குச் சுற்றி வீட்டில் கிடத்திவிட்டார்கள். நாலு பெண்களும் ஒரு வாரம் பொறுத்தார்கள். எட்டாம் நாள் வேறு வண்டி பார்க்கப் போவதாகச் சொன்னார்கள்.

"பாக்க வாணாம். நான் ஓட்டறேன்" என்றாள் கன்னிகா.

அதுவரை அவள் ஓட்டியதெல்லாம் மாடு. டீசல் வண்டியில் உட்கார்ந்து கிளட்சையும் கியரையும் மூன்று நாள் மல்லுக்கட்டிப் பார்த்தாள். வண்டி ஒவ்வொரு தடவையும் தவளை மாதிரி ஒரு குதி குதித்துச் செத்தது. நாலாம் நாள் புத்தூர் போய் அந்த வண்டியை விற்றாள். வளையலை அடகு வைத்தாள். பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்துப் போட்ட கரண்ட் காரோடு திரும்பி வந்தாள்.

"கியரும் இல்ல கிளட்சும் இல்ல. ரெண்டே பெடலு. மிக்ஸி ஓடுற மாதிரி ஓடுது" என்றாள் தீனாவிடம்.

"மிக்ஸில மூடியக் கெட்டியா புடிக்கணும். இதுல இன்னாத்தப் புடிப்ப?"

"உன் வாயப் புடிப்பேன்."

பதினஞ்சாம் நாள் அவள் நாலு பெண்களோடு ஸ்ரீசிட்டி போய் வந்துவிட்டாள். சத்தமே இல்லாமல் வண்டி வருகிறது என்று ஊர் நாய்கள் எல்லாம் குழம்பி, குரைப்பதா வேண்டாமா என்று கூட்டம் போட்டுப் பேசின. டீசலில் ஆன செலவில் கால் பங்குகூட ஆகவில்லை. மாசத் தவணை கட்டலாம், தீனாவின் கட்டுக்கும் பார்க்கலாம் என்று கன்னிகாவுக்கு நெஞ்சில் தெம்பு வந்தது.

தெம்பு ஒன்றரை மாசம் நீடித்தது. அவர்கள் வீட்டு லைன், ரெண்டு பல்பும் ஒரு டிவியும் தாங்குகிற லைன். கார் துன்னுவதோ மூன்று வீட்டுச் சாப்பாடு. பிளக்கை மாட்டினால் தெருவே மங்கிப் போகும். எதிர்வீட்டு டிவியில் சமையல் சொல்கிற அம்மா குள்ளமாகிக் கட்டை விரல் அளவுக்கு வந்துவிடுவாள். லைன்மேன் வந்து பார்த்தார். வாடகை வண்டிக்கு வீட்டு லைன் கூடாது, மாசக் கடைசிக்குள் தனி மீட்டர் வாங்கு, இல்லாவிட்டால் லைனை எடுத்துவிடுவார்கள் என்று காகிதம் கொடுத்துப் போனார். தனி மீட்டரில் யூனிட் ஏழு ரூபாய்க்குள் அடங்கும். வெளியே போய் சார்ஜ் மெஷினில் ஏற்றினால் இருபதுக்கு மேல். அப்படி ஏற்றினால் ஓட்டுகிற காசை எல்லாம் வண்டியே துன்றுவிடும், தவணைக்காரன் வந்து வண்டியையும் ஓட்டிக்கொண்டு போய்விடுவான்.

தனி மீட்டருக்கு ஒரு கையெழுத்து, ஊர்ப் பேச்சில் சந்தகம், வேண்டும். வீட்டு மனை கூட்டுப் பட்டா. தீனாவின் அண்ணன் வேங்கடாசலம் 'எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று போட்டுக் கொடுக்க வேண்டும்.

வேங்கடாசலத்துக்கு ஆட்சேபணை இருந்தது.

அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு போர்வெல், ஒரு மோட்டார் கொட்டாய். அந்த மோட்டாரின் காயில் கம்பி போன வாரம் கருகிவிட்டது. வேங்கடாசலத்தின் கரும்பு வாடியது. அவர் கொட்டாயைச் சுற்றி மூன்று நாள் மோப்பம் பிடித்தார். கடைசியில் கண்டுபிடித்ததைக் காட்டக் கன்னிகாவைக் கூப்பிட்டு விட்டார். அவள் போனபோது கொட்டாய் வாசலில் ஒரு கூடை கவிழ்த்து வைத்திருந்தது. குஞ்சு பொரித்த கோழியை மூடுவது போல அவ்வளவு பத்திரமாக மூடியிருந்தார். எடுத்தார்.

"இத்த பாரு. இன்னா இது?"

"சேறு, மாமா. காஞ்ச சேறு."

"சேத்துல இன்னா கீது?"

"டயர் தடம்."

"எந்த வண்டி டயரு?"

"நான் டயருக்குப் பேரு வெச்சிகினா கீறேன்?"

"பேய் மழ பேஞ்ச அன்னிக்கித் தடம் இது. அன்னிக்கி வூட்டு லைன் நாள் பூரா இல்ல. கழனில இருந்திச்சி. உன் வண்டி மட்டும் மத்தியானம் ஸ்ரீசிட்டிக்குப் போச்சி. எப்டிப் போச்சி? காத்தக் குடிச்சிட்டுப் போச்சா?"

கன்னிகா வானத்தைப் பார்த்தாள். "வண்டி கழுவ வந்தேன்" என்றாள்.

"மழையில வண்டி கழுவ வந்த."

பின்னால் நின்ற நாகபூஷணம் இருமினார். ஊரில் யார் வீட்டுப் பஞ்சாயத்தானாலும் கூப்பிடாமலே வந்துவிடுகிற பெரிய மனுஷர். பாதி தெலுங்கு, பாதி தமிழ், மீதி இருமல். "ஏமப்பா வேங்கடாசலம், காயில் போனது போன வாரம். மழ போன மாசம். நடுவுல நீ மோட்டார ஆட்டோ சுவிட்சுல போட்டுட்டுக் காளாஸ்தி கல்யாணத்துக்குப் போனியே, போருல தண்ணி இல்லாம அது கரண்ட் வந்தப்பல்லாம் சும்மாவே சுத்திச்சே, அது?"

"அது வேற, மாமா" என்றார் வேங்கடாசலம் அவரிடம். அப்புறம் கன்னிகாவிடம் திரும்பினார். "நீ கழனிக் கரண்ட எடுக்கலன்னா காணிப்பாக்கம் வா. வினாயகரு முன்னால பிரமாணம் பண்ணு. அடுத்த நிமிசம் சந்தகம் போடறேன். பண்ணலன்னா இல்ல."

காணிப்பாக்கத்துப் பிரமாணம் என்றால் அந்த ஜில்லாவில் விளையாட்டு இல்லை. குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு போய் நின்று சொல்ல வேண்டும். போலீசுக்கு அசையாதவன், கோர்ட்டுக்கு அசையாதவன் எல்லாம் குளத்துப் படியில் கால் வைத்ததும் உண்மையைக் கக்கியிருக்கிறான். பொய் சொல்லி ஏறினவன் தொண்ணூறு நாள் தாண்டியதில்லை என்பார்கள். தாண்டினவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

"ஞாயித்துக்கெழம வரேன்" என்றாள் கன்னிகா. "நம்ம வண்டிலயே போலாம்."

*

ஞாயிறு காலை தீனாவின் காலுக்குக் கீழே தலையணையைச் சொருகியபடி அவள் சொன்னாள். "எடுத்தேன். அன்னிக்கி மட்டும். ரெண்டு மணி நேரம்."

தீனா தலையைத் திருப்பினான். "எனுக்குத் தெரியும்."

"எப்டி?"

"நீ மழையில வண்டி கழுவறவ இல்ல. வெயில்லயே கழுவ மாட்ட." அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "இத்த கேளு. 'இந்த மாசம் எடுக்கல'ன்னு சொல்லு. அது பொய் இல்ல பாரு."

"மாட்டேன்."

"'என் வூட்டுக்குன்னு எடுக்கல'ன்னு சொல்லு. வண்டி கம்பெனிப் பொண்ணுங்களுக்குத்தான போச்சி."

"சாமி இன்னா லைன்மேனா, பேசி மடக்கறதுக்கு? பொய் சொன்னா எங்க வந்து விடியும்? உன் காலுல விடியும். மாவு மாதிரி இப்பத்தான் ஒட்டிகினு வருது."

"அப்ப உண்மையச் சொல்லிடுவியா? அண்ணன் சந்தகம் போடாது."

"போட வெப்பேன்."

"எப்டி?"

"தெரில. போவசொல்ல யோசிக்கறேன்."

அவள் பிளாஸ்டிக் கவரில் 'ஆட்சேபணை இல்லை' பத்திரத்தை வைத்துப் பையில் சொருகினாள். ஒன்றில்லை, மூன்று. "ஒண்ணு போதாதா?" என்று தீனா கேட்டான். அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். வண்டியில் ஐம்பத்தெட்டு சதவீதம் சார்ஜ் இருந்தது. வீட்டு லைன் அன்றைக்கு அவ்வளவுதான் ஊட்டியது. திருப்பதியில் அரை மணி நேரம் மெஷினில் போட்டால் காணிப்பாக்கம் தாராளமாகப் போகலாம் என்று கணக்கு.

கணக்கில் அவள் வேங்கடாசலத்தைச் சேர்க்கவில்லை. அவர் இலவசமாக வண்டி போகிறது என்று தெரிந்ததும் சித்தூரில் கட்டிக் கொடுத்த மகளுக்கு ஒரு மூட்டை வேர்க்கடலை, ஒரு மூட்டை அரிசி, யானைக்குட்டி உட்கார்ந்தது போல ஒரு பலாப்பழம் எல்லாம் எடுத்து வந்திருந்தார். பின் சீட்டில் அவர் பெண்டாட்டி லட்சுமம்மா புளிசாதத் தூக்கோடும், நாகபூஷணம் பெரிய மனுஷத்தனத்தோடும் ஏறினார்கள். வண்டி ரெண்டு அங்குலம் தாழ்ந்தது.

"ஏசி போடு" என்றார் வேங்கடாசலம், ஊர் எல்லை தாண்டும் முன்பே.

"போட்டா சார்ஜ் எறங்கும், மாமா."

"சாவப்போறவனுக்கே ஐஸ் வாட்டர் குடுக்கறான். பிரமாணத்துக்குப் போறவங்களுக்கு ஏசி இல்லியா?"

போட்டாள். அவர் முன் சீட்டில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் சலைன் பாட்டிலைப் பார்ப்பது போல அந்தச் சதவீத எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தார். ஐம்பத்தேழு. ஐம்பத்தாறு. வடமாலைப்பேட்டை தாண்டும்போது ஐம்பது.

"கடலக்கா துன்னுற மாதிரி துன்னுதே இது" என்றார்.

"யோவ், அது துன்னுறத நீ ஏன் எண்ணற? போன மாசம் நீ துன்ன தோசைய நான் எண்ணனா?" என்றாள் லட்சுமம்மா.

நாகபூஷணம் இருமினார். "வண்டி துன்னா யூனிட்டு வரும். உன் மொகுடு துன்னா இன்னா வருது?"

"ஏப்பந்தான் வருது."

திருப்பதியில் மெஷின் வைத்த இடத்தில் பெங்களூர் வண்டி, சென்னை வண்டி என்று மலைக்குப் போகிற கூட்டம் வரிசை கட்டி நின்றது. கன்னிகாவுக்கு முன்னால் நாலு கார். ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். மொட்டை போட்ட ஒரு குடும்பம் மெஷின் பக்கத்தில் பாயை விரித்து இட்லியைப் பிரித்துக்கொண்டிருந்தது.

"ஆவாது" என்றார் வேங்கடாசலம். "பன்னெண்டுக்கு எமகண்டம். அதுக்கு முன்னாடி கொளத்துல முழுகணும். எமகண்டத்துல பிரமாணம் பண்ணா பண்ணினவங்க மட்டுமில்ல, பண்ணச் சொன்னவனும் போவான். ஓட்டு."

"வழியில நின்னுடும், மாமா."

"நின்னா நான் தள்றேன்."

கன்னிகா எண்ணைப் பார்த்தாள். முப்பத்திரண்டு. சாலையைப் பார்த்தாள். பாகாலா தாண்டி ஓர் ஓட்டலில் மெஷின் உண்டு என்று போனில் காட்டியது. ஏசியை நிறுத்தினாள். "தள்றேன்னு சொன்னத மறக்கக் கூடாது" என்று கிளம்பினாள்.

சந்திரகிரிக் கோட்டை வலது பக்கம் வந்து போனது. வெயில் ஏறியது. கண்ணாடியை ஏற்றினால் வேகும், இறக்கினால் சார்ஜ் போகும் என்று அவள் பாதி இறக்கி வைத்தாள். உள்ளே பலாப்பழம் பழுக்கத் தொடங்கியது. அந்த வாசனைக்கு வழியில் போன ஆடுகள் திரும்பிப் பார்த்ததாக நாகபூஷணம் பிற்பாடு சத்தியம் செய்தார். பாகாலா போய்ச் சேர ஆறு கிலோமீட்டர் இருக்கையில் எண் ஒன்பதுக்கு வந்து, மஞ்சளாகி, ஆமைப் படம் ஒன்று திரையில் தோன்றியது.

"இன்னா இது, ஆம?"

"இனிமே மெதுவாத்தான் போவும்னு சொல்லுது."

"மெதுவானா எப்ப போய்ச் சேர்றது? மணி பத்தே முக்கா." வேங்கடாசலம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். சாலை ஓரம் நெடுக மாந்தோப்பு. நடுவில் ஓடு வேய்ந்த ஒரு மோட்டார் கொட்டாய். உள்ளே மோட்டார் தும்முகிற சத்தம் கேட்டது. அவர் முகம் கல்யாணப் பந்தியைக் கண்டது போல மலர்ந்தது.

"நிறுத்து நிறுத்து. இங்க கீது பாரு கரண்ட்."

கன்னிகா ஓரமாக நிறுத்தினாள். அவர் இறங்கிவிட்டார். அவர் இறங்கின வேகத்துக்கு வண்டியே கொஞ்சம் எழும்பியது. கொட்டாய்க்காரனைத் தேடிக் கூப்பிட்டார். தோப்புக்குள்ளிருந்து ஒருத்தர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ரெண்டே வார்த்தையில் வேங்கடாசலம் உறவு கண்டுபிடித்துவிட்டார். அந்த மனுஷரின் மச்சினிச்சி புத்தூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். "ஒரு மணி நேரம் மட்டும் தம்முடு. காணிப்பாக்கம் போறோம். கோயில் காரியம்."

"கோயில் காரியமா, தாராளமா" என்றார் தோப்புக்காரர்.

வேங்கடாசலம் திரும்பி வந்தார். கையெல்லாம் பரபரத்தது. "ஒயர எடு கன்னிகா. நடுப் பேஸ்ல எடுக்கணும். ஓரத்துப் பேஸ்ல எடுத்தா வோல்டேஜ் உழும். எர்த்துக் குழியில ரெண்டு கொடம் தண்ணி ஊத்திட்டா போதும், சுறுசுறுன்னு ஏறும். நம்ம கிரைண்டருக்கு நான் அப்டித்தான் வெச்சிகீறேன், அஞ்சு வருசமா ஒரு ஷாக்கு இல்ல. ஒயர எடும்மா, இன்னா பாக்கற?"

கன்னிகா ஸ்டியரிங்கில் கையை வைத்தபடியே பார்த்தாள்.

"மாமா. இது எந்தக் கரண்டு?"

"எந்தக் கரண்டுன்னா? கழனிக் கரண்டு."

"காசு உண்டா?"

"கழனிக் கரண்டுக்கு ஏது காசு?"

சொல்லி முடித்த பிறகுதான் வேங்கடாசலத்தின் காதில் அது விழுந்தது. மாந்தோப்பில் ஒரு குயில், இடம் பொருள் தெரியாமல் கூவியது. லட்சுமம்மா முந்தானையால் வாயை மூடினாள். நாகபூஷணத்துக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வரவில்லை.

"இது வேற" என்றார் வேங்கடாசலம். "இது ஆபத்துக்கு."

"ஆமா மாமா. அன்னிக்கும் ஆபத்துதான்." கன்னிகா இறங்கி வந்து அவர் எதிரே நின்றாள். "எடுத்தேன். மழ அன்னிக்கி, ரெண்டு மணி நேரம். நாலு பொண்ணுங்க கம்பெனி வாசல்ல நின்னுகினு கீறாங்க. போவலன்னா வேற வண்டி வெச்சிகினு பூடுவாங்க. மாட்டினேன். ஒருத்தருகிட்டயும் சொல்லல, அது தப்பு. அன்னிக்கோட வுட்டுட்டேன். இத்தத்தான் வினாயகருகிட்ட சொல்லப் போறேன். இன்னிக்கி இங்க மாட்டினா ரெண்டு மணி நேரத்த மூணுன்னு சொல்ல வேண்டி வரும். நான் மாட்ட மாட்டேன்."

"மாட்டலன்னா வண்டி எப்டிப் போவும்?"

"நீங்க தள்றேன்னு சொன்னீங்களே."

ஆறு கிலோமீட்டர் தள்ளவில்லை. அதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆனால் மூட்டை ரெண்டும் பலாப்பழமும் தோப்புக்காரர் கொட்டாயில் இறங்கின. 'திரும்பி வரசொல்ல எடுத்துக்கறோம்' என்று பலாப்பழத்தைப் பெற்ற பிள்ளையை விடுவது போல விட்டு வந்தார் வேங்கடாசலம். ரெண்டு மேடு வந்த இடத்தில் ஆண்கள் ரெண்டு பேரும் இறங்கி நடந்தார்கள். மூன்றாவது மேட்டில் லட்சுமம்மாவும் இறங்கினாள். ஆமை போன வேகத்தில், பக்கத்தில் நடந்தவர்களோடு கன்னிகா ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டே ஓட்டினாள். வேங்கடாசலம் மட்டும் முன்னால் விடுவிடென்று நடந்தார். வியர்வையில் அவர் சட்டை, குளத்தில் முழுகாமலே பிரமாணத்துக்குத் தயாராகிவிட்டது.

பாகாலா தாண்டி ஓட்டல் வாசலில் மெஷின் காலியாக நின்றது. எண் ரெண்டு. கன்னிகா பிளக்கை மாட்டி, போனில் பணத்தைப் போட்டு, திரையில் யூனிட் இருபத்து நாலு என்று வந்ததும் ஒரு பெருமூச்சு விட்டாள்.

"ஒரு யூனிட்டா?" வேங்கடாசலம் கண்ணாடியை மூக்குக்கு ஏற்றினார். "ஒரு யூனிட் இருவத்தி நாலு ரூபாயா?"

"வெளிய ஏத்துனா இப்டித்தான், மாமா. சந்தகம் இல்லன்னா தெனம் இதான்."

அவர் மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றார். மெஷினில் எண் ஏற ஏற, ஆட்டுச் சந்தையில் விலை கேட்டவர் மாதிரி நெற்றி சுருங்கிக்கொண்டே போனது. ஓட்டலில் வெளிச்சாப்பாடு கூடாது என்றார்கள். வண்டிக்குள் உட்கார்ந்து புளிசாதத்தையும், லட்சுமம்மா ரகசியமாகக் கொண்டு வந்திருந்த ராகிக் களியையும் வேர்க்கடலைச் சட்டினியையும் துன்றார்கள். வெளியில் எமகண்டம் வந்து, வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, யாரும் கவனிக்கவில்லை என்று ஒன்றரைக்குப் போய்விட்டது.

"தண்ணி குடு, கன்னிகா" என்றார் வேங்கடாசலம் கடைசியில். அந்த நாளில் அவர் அதட்டாமல் சொன்ன முதல் வார்த்தை அது.

"திரும்பிடலாமா?" என்றார் நாகபூஷணம். "ரெண்டு பேரும் பேசிட்டீங்க. இனிமே பிரமாணம் எதுக்கு?"

"இல்ல மாமா" என்றாள் கன்னிகா. "பிரமாணம்னு கெளம்பிட்டு முழுகாம திரும்பக் கூடாது. நான் சொல்லிட்டுத்தான் வருவேன்."

*

குளத்துத் தண்ணீர் மத்தியான வெயிலிலும் குளிர்ந்திருந்தது. கன்னிகா மூன்று முழுக்குப் போட்டாள். வேங்கடாசலம் முதல் முழுக்கில் கொஞ்சம் நேரம் உள்ளேயே இருந்தார். மூச்சு அடக்குகிறாரா, மேலே வர யோசிக்கிறாரா என்று சொல்ல முடியாது. லட்சுமம்மா படியில் நின்று, "யோவ், அங்கயே இருந்துடாத. வண்டில சார்ஜ் எறங்குது" என்றாள்.

படியேறி வந்ததும் அவர் கன்னிகாவைப் பார்க்காமல் கேட்டார். "உள்ள போய் இன்னா சொல்லப் போற?"

"ரெண்டு மணி நேரம்னு. நீங்க?"

"நான் எதுக்குச் சொல்லணும்? நான் பிராது குடுத்தவன்."

"ஏமப்பா" என்றார் நாகபூஷணம், "பிராது குடுத்தவனுக்கு மட்டும் வினாயகரு கண்ண மூடிக்குவாரா?"

சன்னிதியில் கன்னிகா கையைக் கூப்பினாள். ஈரப் புடவையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உதடு அசைந்தது. தீனாவின் கால், நாலு பெண்கள், ரெண்டு மணி நேரம், எல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அப்புறம் உண்டியலுக்கு வந்து மடியிலிருந்து ஈரமான ஐம்பது ரூபாயை எடுத்துப் போட்டாள்.

"இது எதுக்கு?" என்றாள் லட்சுமம்மா.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஆறரை யூனிட்டு, அக்கா. ஏழு ரூபா வெச்சா நாப்பத்தஞ்சரை. சில்லறை இல்ல, அம்பதா போட்டுட்டேன்."

"கரண்ட் ஆபீசுக்குப் போட வேண்டியத வினாயகருக்குப் போடற?"

"அங்க போய்ச் சொன்னா லைன எடுத்துடுவாங்க. இவுரு எடுக்க மாட்டாரு."

லட்சுமம்மா அதை ஒரு நிமிஷம் மென்றாள். நல்ல மனுஷி அவள். மனசில் வன்மம் வைத்துக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "இந்தாய்யா, நம்ம கிரைண்டருக்கு எவ்ளோ ஆவும்?"

வேங்கடாசலம் உண்டியலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கை சட்டைப் பைக்குள் போயிருந்தது. அவர் பெண்டாட்டி கொட்டாயில் மாவாட்டிப் புத்தூரில் பாக்கெட் போட்டு விற்கிறாள். தினம் ரெண்டு மணி நேரம், அஞ்சு வருஷம். ஊரில் யாரும் அதைத் திருட்டு என்று சொன்னதில்லை. கன்னிகாவே அந்த மாவில்தான் இட்லி சுடுகிறாள். அவர் பைக்குள்ளிருந்த கையை எடுத்து விரல் கணுக்களில் எண்ணத் தொடங்கினார். ஒரு கை முடிந்தது. அடுத்த கைக்குப் போனார். உதடு அசைந்தது, சாமி கும்பிடுகிறார் என்று பின்னால் நின்ற ஒருத்தர் பொறுமையாக ஒதுங்கி வழிவிட்டார். பல்பைச் சேர்த்தார். கொட்டாயில் தூங்குகிறபோது ஓடுகிற பேனைச் சேர்த்தார். ரெண்டு போன் சார்ஜைச் சேர்த்தார். உண்டியலின் வாய் அவருக்குக் கிணறு மாதிரி அகலமாகிக்கொண்டே போனது.

நாலாவது முறை விரல் சுண்டுவிரலுக்கு வந்தபோது நிறுத்தினார்.

கணக்குப் போட்டுப் பார்த்ததில் கையெழுத்துதான் மலிவு.

"கன்னிகா" என்றார். "அந்தப் பேப்பர் எங்க கீது?"

"வண்டில, மாமா."

"வா."

மரத்தடியில் நின்ற வண்டியின் பானெட்டில் அவள் கவரைப் பிரித்து வைத்தாள். பேனாவைக் கொடுத்தாள். வேங்கடாசலம் குனிந்தார். நெஞ்சிலிருந்தும் முழங்கையிலிருந்தும் காணிப்பாக்கத்துக் குளம் சொட்டியது. 'வேங்க' வரைக்கும் போனது. அதற்குமேல் மை கரைந்து, 'டாசலம்' இருக்க வேண்டிய இடத்தில் நீலமாக ஒரு குட்டை தேங்கியது.

அவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்சம் நம்பிக்கை தெரிந்தது. "கெட்டுப் போச்சே. இன்னொரு நாளு பாக்கலாமா?"

கன்னிகா கெட்டதை எடுத்து மடித்தாள். கவருக்குள் கையை விட்டு அடுத்ததை எடுத்து, முந்தானையின் காய்ந்த முனையால் பானெட்டைத் துடைத்து, அவர் முன்னால் வைத்தாள். கவரில் இன்னும் ஒன்று தெரிந்தது.

"எத்தினி எடுத்தாந்த?"

"மூணு, மாமா."

"ஒரு சந்தகத்துக்கு எதுக்கு மூணு?"

"நீங்க ஈரத்தோடதான் போடுவீங்கன்னு தெரியும்" என்றாள் கன்னிகா. "கையத் தொடச்சிகினு போடுங்க."